வெயில் பக்கத்து இருக்கை

வலென்சியாவில் டிக்கெட் கொடுத்த பெண்
இரண்டு விலை சொன்னாள்.
நிழல் பக்கம் இரட்டிப்பு. வெயில் பக்கம் பாதி.
கிருஷ்ணகிரிக்காரனிடம் வந்து
வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறாளே என்று
சிரித்துக்கொண்டே பாதி விலை கொடுத்தேன்.

ஓசூர் கம்பெனி அனுப்பிய மூன்று வாரப் பயிற்சி.
பல்சக்கரம் கடையும் மெஷினில்
சத்தம் மாறினால் எதை முதலில் நிறுத்துவது
என்று ஆறு நாள் சொல்லிக்கொடுத்தார்கள்.
ஞாயிறு மட்டும் சும்மா.

பக்கத்தில் உட்கார்ந்தவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாளாம்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி
போனில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினாள்.
தமிழில் வந்திருந்தது:
உங்கள் ஊரிலும் மாடு உண்டா?
நான் தட்டினேன்:
உண்டு. நாங்கள் கொல்வதில்லை.
அவள் படித்தாள். திரும்பவும் படித்த மாதிரி இருந்தது.
பிறகு என் உள்ளங்கையில் கொஞ்சம் விதை போட்டாள்.

மூன்றாவதாக வந்த மாடு
மணலை மோந்து பார்த்தது.
சந்தையில் வண்டியைவிட்டு இறங்கியதும்
எங்கள் மாடுகளும் அப்படித்தான்.

வாள் இறங்கியதை நான் பார்க்கவில்லை.
ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்த்ததாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சலங்கை கட்டிய கோவேறு கழுதைகள்
இழுத்துக்கொண்டு போன பிறகு
நீலச்சட்டைக்காரன் ஒருவன் பரம்புக்கட்டையோடு வந்தான்.
கேழ்வரகுக் களத்தில் தள்ளுவதுபோல
முன்னும் பின்னும் நிதானமாகத் தள்ளினான்.
மணல் புதுசாகிவிட்டது.

*

மாசி. வேப்பனப்பள்ளி சாலை.
மூங்கில் தடுப்பு, ஆம்புலன்ஸ்,
முத்திரை குத்தக் களைத்துப்போன கால்நடை டாக்டர்.
நூற்றிருபது மீட்டர் தூரம், விநாடியில் கணக்கு.
திம்மராயப்பாவின் மாட்டுக்குக்
கொம்பில் கட்டிய தட்டியில் ஜிகினா, பலூன்,
நடுவில் அவர் பேத்தியின் போட்டோ.
மைக்கில் அவிழ்த்துவிட்டார்கள்:
‘பேரிகை பீரங்கி வர்து, ஒதுங்கிக்கோ, ஒதுங்கிக்கோ!’

வந்தது.
கொரியர் கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஒருவன்
தடுப்புக்கு உள்ளே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.
மாடு அவனைத் தேடிப் போகவில்லை.
அவன் நின்ற இடம் அதன் பாதையில் இருந்தது,
அவ்வளவுதான்.

பத்து புள்ளி நான்கு என்றது மைக்.
விசில் பறந்தது.
அதற்குள் பைக்கில் நடுவே வைத்து
அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.
ஆம்புலன்ஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு
வெறுமனே கத்திக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து டிராக்டரிலிருந்து மல்லம்மா இறங்கினாள்.
ஒரு பாண்டு மண்.
கொட்டி, காலால் அணைத்து,
மேலே இரண்டு மிதி.
‘அடுத்தது நாப்பத்தேழு, கெலமங்கலம்,
மாட்டுக்காரர் எங்க இருந்தாலும் சீக்கிரம் வரவும்.’

மாடு அதற்குள்
தக்காளித் தோட்டம் ஒன்றில் நின்றிருந்தது.
தட்டி ஒரு கொம்பில் சரிந்து தொங்க,
காய் ஒன்றை மோந்து, வேண்டாமென்று விட்டது.
திம்மராயப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு
தெலுங்கில் என்னவோ சொல்லி அழுதார்.
ஜெயித்ததற்கா, அதற்கா,
எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்தேன் நான்.
காசில்லாத நிழல்.
காலடியில் அவன் போன் கிடந்தது,
முகம் மேலே பார்த்தபடி.
சிவப்புப் புள்ளி இன்னும் மின்னியது.
பதினோரு நிமிஷமாக
வானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கையில் எடுத்ததும் அடிக்க ஆரம்பித்தது.
‘ரூம் ஓனர்’ என்று திரையில்.
தமிழா, தெலுங்கா, கன்னடமா,
அந்தப் பக்கம் யார் என்று தெரியாமல்
எந்த பாஷையில் அலோ சொல்வது என்று
பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
நாற்பத்தேழு கிளம்பிவிட்டது.