எண்ணிக்கை

அஸ்தம்பட்டியில் அந்தப் பெரிய சுவரின் சின்னக் கதவு
பத்தே முக்காலுக்குத் திறந்தது.
மஞ்சள் பைக்குள் ஒரு வேட்டி, கொஞ்சம் காகிதம்.
"பஸ்ஸுக்கு நேரமிருக்காக்கா?" என்றான் மாதேசு.
ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் பேச்சு.

நேரமிருந்தது.
அதனால்தான் ஜமீல் பாய் கடைக்குள் நுழைந்தோம்.
ஐந்து ரோஸி பார்ப்.
குளிர் தாங்கும், மலை வீட்டுக்கு இதுதான் லாயக்கு என்றார் பாய்.
கால் பை தண்ணீர், முக்கால் பை காற்று, ரெண்டு ரப்பர் பேண்டு.
"நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டான்.

அடிவாரம் தாண்டியதும் பை உப்ப ஆரம்பித்தது.
பதினோராவது கொண்டை ஊசியில் பூரி போல் விறைத்து நின்றது.
"வெடிச்சிரப் போவுது" என்றார் கண்டக்டர்.
ஏற ஏற வெளிக்காற்று மெலியும்,
உள்ளே அடைத்தது அடைத்தபடியே இருக்கும்.
இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், "எந்த ஊரு தம்பி?"
அவன் என்னைப் பார்த்தான்.

போன வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும்.
பையைப் பிரித்தேன், அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன்.
கீழ்நாட்டுச் சூட்டுத் தண்ணீர், எங்கள் வீட்டுச் சில்லுத் தண்ணீர்.
விடிந்தபோது நாலு மல்லாந்திருந்தன.
அடுத்த வாரம் வெள்ளைப் புள்ளி வந்து
இருந்த பழசுகளையும் வாரிக்கொண்டு போனது.
மிஞ்சியவன் ஒருவன். மேஸ்திரி என்று கூப்பிடுவோம்.
வாலில் கிழிசல்,
தொட்டி மொத்தமும் தன் பேரில் பட்டா என்று நினைப்பு.

இந்த முறை நீல டப், முன்னறையில், தனியாக.
குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து
மருந்து வாடை போக்கியிருந்தேன்.
பையைப் பிரிக்காமல் மிதக்கவிட்டோம்.
"எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிஷம்."
கடிகாரத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்தான்.
அப்புறம் அரை டம்ளர். பொறுத்து, இன்னொரு அரை டம்ளர்.
கடைத் தண்ணீர் உள்ளே போகவே கூடாது,
வலையால் மீனை மட்டும் எடு என்றேன்.
லைட்டை அணை, இருட்டில்தான் அடங்கும் என்றும் சொன்னேன்.

சுவிட்சில் அவன் விரல் நின்றுவிட்டது.
"அங்க ராத்திரி பூரா எரியும்க்கா."
யோசித்து, டப்பின் மேல் துண்டைப் போர்த்தினேன்.
லைட் எரிந்தது.
அன்றிலிருந்து தினமும்.

இரண்டு வாரம்.
டப் பக்கத்திலேயே அவன் கட்டில்.
கிரேஸி டீச்சர் ஜன்னல் வழியாகக் கேட்டாள், யாரு வந்திருக்கா?
தம்பி, வெளியூர்ல இருந்தான் என்றேன்.
என் வீட்டுக்காரர் குணசீலன்
"சாப்ட்டாச்சா" என்பதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை செலவழிக்கவில்லை.

காலை ஆறு, மாலை ஐந்தரை.
யாரும் சொல்லாமலே துண்டை விலக்கி எண்ணுவான்.
"அஞ்சு. சரியா இருக்கு."
யாருக்குச் சொல்கிறான் என்று நான் கேட்டதில்லை.
ஒரு சாயங்காலம் நாலுதான் இருந்தது.
ஏற்காட்டில், மார்கழியில், அவனுக்கு வேர்த்தது.
ஐந்தாவது ஃபில்டர் பஞ்சுக்குப் பின்னால்
சும்மா நின்றுகொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள் ஞாயிறு.
தொட்டிக் கற்களை எல்லாம் கலைத்து அடுக்கினேன்.
மூலை அதே மூலையாக இருந்தால் மேஸ்திரி விடமாட்டான்,
இடம் மாறினால் அவனும் அன்றைக்குப் புதுசு.
கையோடு பீரோவையும் கட்டிலையும் நகர்த்தினேன்.
"எங்கடி என் கண்ணாடி?" என்று சுவரைத் தடவினார் குணசீலன்.
மாதேசு எடுத்துக் கொடுத்தான்.
போட்டுக்கொண்டு, அவனை ஒரு தரம் பார்த்தார்.
"டீ குடிக்கறியாப்பா?"

ஐந்தையும் விட்டோம்.
இல்லாத கல்லைத் தேடி மேஸ்திரி ரெண்டு சுற்று வந்தான்,
ஒன்றைத் துரத்தினான்,
பாதியில் எதற்கென்று மறந்தது போல் நின்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சத்தமில்லை.
ஆறேகாலுக்கும் இல்லை.
எழுந்து போனேன். முன்னறை இருட்டாக இருந்தது.
குறட்டை.
தட்டுத் தடுமாறி, புது இடத்திலிருந்த கட்டிலில் முட்டி இடித்து,
செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையில் மறைத்து
நானே எண்ணினேன்.
ஆறு.