மூன்று புள்ளி

எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்
கருத்துக் கேட்புக் கூட்டம்.
மணமக்கள் சோபாவில் அதிகாரிகள்.
வாழைமரம் கட்டிய கயிறு இன்னும் தூணில் தொங்கியது.
மேடைக்குக் கீழே, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நான்,
தினக்கூலித் தட்டச்சர்.
பேசுவதெல்லாம் பதிவாகும் என்று
மைக்கில் சொன்னார்கள்.
பதிவு என்றால் நான்தான்.

பூங்காவனம் தூக்குச்சட்டியோடு வந்தாள்.
திறந்து மேசைமேல் கவிழ்த்தாள்.
ஆற்றுச் சேறு,
சிமெண்ட் மாதிரி ஓரம் இறுகத் தொடங்கியிருந்தது.
"இத்துல நண்டு எங்கடா நிக்கும்?" என்றாள்.
அப்புறம் அந்தச் சொல்.
மைக் ஒரு தரம் கூவி அடங்கியது.

எனக்கு அது புதிதல்ல.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி நாற்பது நிமிடம் படுத்துக்கொண்டால்
ஊரே சொல்லும்.
தண்ணி லாரி வராத காலையில் சொல்வோம்.
சம்பளம் வந்த சாயங்காலம்
தோளில் கைபோட்டுக்கொண்டும் அதையே சொல்வோம்.
அன்றைக்கு மட்டும் அதன் கனம் வேறு.
இத்தனை வருடம் மூக்கில் போன சாம்பலை
ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்த மாதிரி.

அதிகாரி என்னைப் பார்த்து
லேசாகத் தலையசைத்தார்.
அடித்தேன்:
"மீனவப் பெண்மணி ஒருவர் அதிருப்தி தெரிவித்தார்…"

பேச்சு நஷ்டஈட்டுக்கு வந்தது.
படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு.
கடைசி வரிசையில் கன்னியம்மா எழுந்தாள்.
இருளர் தெரு. படகில்லை, வலையில்லை.
இடுப்பளவு தண்ணீரில் மண்டிபோட்டுக்
கையால் துழாவி இறால் பிடிக்கிறவள்.
பறியைப் பல்லில் கவ்வியிருப்பதால்
வேலை நேரம் முழுக்க அவளுக்குப் பேச்சு கிடையாது.
"எங்க கைக்கு இன்னா ரேட்டு?" என்றாள்.

திரும்பியது பூங்காவனம்தான்.
இந்த முறை வேறு சொல்.
கன்னியம்மாவின் சாதியில் புறப்பட்டு
அவளைப் பெற்றவள் வரைக்கும் போனது.
சிலர் சிரித்தார்கள்.
சொன்னவளுக்கே ஒரு நொடி
உதடு மூடவில்லை.
அதிகாரி தலையசைக்கக்கூட இல்லை.
விரலுக்குப் பழகிவிட்டிருந்தது:
"கூட்டத்தில் சிறு சலசலப்பு…"

பன்னிரண்டு பக்கம்.
இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி.
கம்பெனி வக்கீல் படித்துவிட்டு
"நல்ல தமிழ்" என்றார்.

பிரதி கேட்டு முதலில் பூங்காவனம் வந்தாள்.
மகன் படித்தான்.
"அதிருப்தினா இன்னாடா?"
"புடிக்கலன்னு அர்த்தம்மா."
"புடிக்கலன்னா சொன்னேன் நானு?
குழம்புல உப்பு புடிக்கலன்னு சொல்ற மாதிரி?
என் வார்த்தை எங்க?"

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மா.
"என்னைச் சொன்னது எங்க?
எழுத்துல இல்லாம
ஸ்டேஷன்ல இன்னான்னு குடுப்பேன்?"
அசிங்கம் என்று விட்டுவிட்டோம் என்றேன்.
"எழுதறவங்களுக்கு அசிங்கம்.
காதுல வாங்கினவளுக்கு?"

ஒலிப்பதிவு சீல் வைத்துப் போய்விட்டது என்றேன்.
எங்கே என்றாள்.
தெரியாது.
தாளைப் பிரித்து இடத்தைக் காட்டினேன்.
நாலாம் பக்கத்தில் மூன்று புள்ளி,
ஏழாம் பக்கத்தில் மூன்று புள்ளி.
எது யார் வாயிலிருந்து வந்தது, யார் மேல் விழுந்தது,
மேல்வரி கீழ்வரி பார்த்துத்தான்
எனக்கே சொல்ல முடிந்தது.
அவள் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்,
அடியில் ஏதாவது இருக்குமா என்று.

இங்கேயும் நான் எழுதவில்லை, பார்த்தீர்களா.
இரண்டும் நாக்கில்தான் இருக்கின்றன.

ஜன்னலைச் சாத்தினாலும் சாம்பல் வருகிற ஆபீஸ்.
காலையில் ஊதித் துடைத்துவிட்டு உட்கார்ந்தால்
மத்தியானத்துக்குள்
கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் ஒரு படலம்.
புள்ளிச் சாவி மட்டும்
புதுசு மாதிரி இருக்கிறது.