இருப்புப் பதிவேடு

தலைஞாயிறு. ஊர்ப் பெயரில் தலை இருக்கிறது,
தண்ணீருக்கு நாங்கள் கடைமடை.
மேட்டூரில் திறந்ததைச் செய்தியில் பார்த்து
பதினெட்டு நாள் கழித்து
வாய்க்கால் அடியில் ஓர் ஈரம் வந்தது.
அதே வாரம்
ஆய்வகத்தின் பதினான்கு திரைகளும் கறுத்தன.
உரிமம் முடிந்துவிட்டதாம்.
புதுப்பிக்க ஒரு பொத்தான்,
பக்கத்தில் ஒரு தொகை,
அது என் ஐந்து மாதச் சம்பளம்
(மே மாதத்துக்குக் கிடையாது, பகுதிநேரம்).

ஹாஜிரா வரைந்த அலையாத்திக் காட்டு வரைபடமும்
இளவேந்தனின் உப்பளக் கணக்கும்
உள்ளேதான் இருந்தன.
"எங்க படத்த நாங்க பாக்குறதுக்கு
யாருக்கு டீச்சர் காசு குடுக்கணும்?"
பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை.

சனிக்கிழமை திருத்துறைப்பூண்டி போய்
செல்போன் கடை சேவியரிடம்
ஒரு பென் டிரைவில் ஏற்றி வந்தேன்.
"தர்றதுக்கு நா யாரு, இது எல்லாருதும்" என்றவர்
டிரைவுக்கு முந்நூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.
அன்றிரவு மின்சாரம் மூன்று முறை போனது.
பதினோராவது கணினி எழவேயில்லை,
உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது.
மற்ற பதின்மூன்றும்
தமிழில் கண் விழித்தன.

பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன்:
இது கட்டற்ற மென்பொருள்.
பின்வரிசையில் எழுந்தார்
அரிச்சந்திரா நதியில் மதகு பார்க்கும் குஞ்சிதபாதம்.
"கட்டு இல்லன்னா அது ஆறு இல்லம்மா, வெள்ளம்.
கரை ஒடஞ்ச வருசம் ஞாபகம் இருக்கா?"
இருந்தது. அப்பாவின் கட்டிலை எட்டிய தண்ணீர்.
பதில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து
உரிமத்தைக் கடைசி வரி வரை படித்தேன்.
கறுத்த திரையின் உரிமத்தை ஒருநாளும் படித்ததில்லை,
'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கியதோடு சரி.
இதில்
பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம்.
தரும்போது மட்டும்
இதே உரிமையோடு தரவேண்டும்,
நடுவில் நின்று எவரும் அடைக்கக் கூடாது.
கரை இருக்கிறது அய்யா,
மதகில் பூட்டுதான் இல்லை.
உங்கள் தண்ணீரை மேலே ஒருவன் எடுத்தால்
கீழே எனக்குக் குறையும்,
இது எடுக்க எடுக்க அப்படியே கிடக்கிறது.
அவரிடம் இதைச் சொல்லவேண்டும்,
முறைப்பாசனச் சண்டை ஓயட்டும்.

ஆடியில் ஹாஜிரா ஒரு பிழை பிடித்தாள்.
"அளின்னு போட்டிருக்கு டீச்சர்,
அமுக்குனா அழியுது."
யாரிடம் சொல்வது என்று கேட்டாள்.
கணினியில் பிழை என்றால்
பொறுத்துக்கொள்வது என்றிருந்தேன் அதுவரை.
முகவரி தேடி எழுதினோம்.
யாழ்ப்பாணமோ டொராண்டோவோ, யாரோ ஒரு பெண்
'சரிதான், நன்றி' என்று பதில் போட்டாள்.
புரட்டாசியில் புதுப் பதிப்பு இறங்கியது:
அழி.
பதின்மூன்று திரையிலும் ஓடி ஓடிப் பார்த்தாள்.
பங்களித்தோர் பட்டியலில்
ஆ. ஹாஜிரா, தலைஞாயிறு.
பையன்கள் நம்பவில்லை.
இளவேந்தன் மட்டும்
அடுத்த பிழையைத் தேடத் தொடங்கினான்.

நேற்று தணிக்கை.
"ரசீது எங்க?"
இல்லை சார்.
"விலை?"
கேட்கவில்லை.
"அப்ப இலவசம்னு எழுதிக்கவா?"
அதுவும் சரியான சொல் இல்லை சார்.
பேனா மூடியைக் கடித்தார்.
"எண்ணிக்கையாவது சொல்லுங்க."
பதின்மூன்று என்று எழுதப் போன கையைத் தடுத்தேன்.
வேட்டைக்காரனிருப்பில் இளவேந்தனின் அக்கா வீட்டுக்கு
ஒரு பிரதி போயிருந்தது,
ஹாஜிராவின் மாமா கடைக்கு இரண்டு.
காலையில் யாரோ கேட்டு வாங்கிப்போன பென் டிரைவ்
இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தக் கட்டத்தில்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.
டீ வருமா என்று கேட்டார்.