இடப்பக்கம் மட்டும்

இருபத்தோரு ஆண்டாக ஈரடுக்குப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஈசூனில் ஏற்றி ஈசூனிலேயே இறக்கிவிடும் வேலை,
நடுவில் பாதித் தீவு வந்துபோகும்.
செழியனுக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது.
பழைய வேன்தான் வேண்டுமென்று
ஒற்றைக்காலில் நிற்பது அவர்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
வெண்ணெய் நிறத்தில் மேல்பாதி, பாசி நிறத்தில் கீழ்ப்பாதி,
வட்டக் கண் இரண்டும் கொஞ்சம் மாறுகண்.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
"ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் விடலாம்,"
மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார் போ ஹெங்.
மிச்ச முந்நூற்று இருபது நாள்?
"நிற்கும்," என்றார் செழியன்.
"நாம் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்."

போன ஞாயிறு லெங் கீ சாலையில் புதியதைப் பார்த்தோம்.
கதவைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனால் திறக்கிறது.
குளிர்பெட்டி, மடிப்புக் கட்டில், கூரையில் சூரியத் தகடு.
பின்னோக்கி எடுத்தால் நான்கு மூலையும் பேசும்.
இருக்கை என் இடுப்பை விசாரித்து விசாரித்துத்
தன்னைச் சரிசெய்துகொண்டது.
பத்தாண்டு ஓடும். பிறகு உரிமைச் சான்றிதழ் செத்துவிடும்.
விற்பனைப் பெண் விலையைச் சொல்லவில்லை, எழுதிக் காட்டினாள்.
எங்கள் மூவறை வீடு
சக்கரம் மாட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல் ஒரு தொகை.

அன்றிரவு புளோக்கின் பலமாடிக் கார்நிறுத்தத்தில்
அளவுநாடாவோடு நின்றோம்.
நுழைவாயிலில் தொங்கும் மஞ்சள் கம்பி: இரண்டு மீட்டர் பத்து.
புதியது இரண்டு அறுபது.
"பார்த்தாயா," என்றார் செழியன், வழக்கில் வென்றவர் மாதிரி.
நாடாவைச் சுருட்டினேன். விரலைக் கடித்தது.

எனக்குப் புதியதுதான் பிடித்திருந்தது, சொல்லிவிடுகிறேன்.
இடது முழங்காலுக்குக் கிளட்ச் ஆகாது.
கடற்பாலம் தாண்டி, குவாந்தான் போகும் வழியில், மழையில்,
ஓரமாய் நிறுத்தி எஞ்சினைத் திறந்தால்
டார்ச் பிடிப்பார் அவர்.
குனிவது நான்.

பட்டறையில் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன்.
காலியான கொசுவர்த்தித் தகரம்.
அதற்குள், மடிப்பில் கிழிந்த ஒரு சீனத் துண்டுச்சீட்டு.
போ ஹெங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்:
"உப்பு. தீப்பெட்டி. கயிறு. இன்னொரு வைப்பர்."
கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில்:
"இந்தத் தடவை நான் ஓட்டுகிறேன்."

செழியன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சாவியைக் கேட்டு வாங்கினேன்.

முதல் கியர் விழுந்தது.
இரண்டாவது எங்கேயோ வெளியே போயிருந்தது,
மூன்றாம் தடவை கூப்பிட்டதும் வந்தது.
ஸ்டீயரிங் என் பேருந்தினுடையதைப் போலவே
மடிக்கு நேராய்ப் படுத்த அகலத் தாம்பாளம்.
சரிவில் இறங்கினோம். இடப்பக்க விளக்கு மின்னியது.
வலப்பக்கம் மின்னவில்லை.
"இடப்பக்கமாகவே திரும்பேன்," என்றார்.

திரும்பினேன். மறுபடி திரும்பினேன்.
காப்பிக்கடை, சிமெண்ட் லாரி,
தொழிலாளர் விடுதிக் கம்பியில் காயும் சட்டைகள்.
நான்காம் திருப்பத்தில் அதே பட்டறைக் கட்டடம்.
கீழே இறங்கி வந்து நின்ற போ ஹெங்
நிறுத்தத்தில் நிற்கும் பயணி மாதிரி கைநீட்டினார்.
இருபத்தோரு ஆண்டுப் பழக்கம்,
கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

எடுத்துவிட்டேன்.
இன்னொரு சுற்று.