பேன் பார்க்கும் வேலை

கடல் உயிரியல் படிப்பின் துண்டறிக்கையில்
அட்டையிலேயே ஒரு டால்ஃபின் துள்ளிக்கொண்டிருந்தது.
இரண்டு வருடம், இருபத்திரண்டு லட்சம் கடன்.
அதற்குள் நான் பார்த்த ஒரே டால்ஃபின் அதுதான்.

ஊரின் பெயர் ஓபன்.
கதவுகளைப் பற்றி
அந்தப் பெயர் எந்த வாக்கும் கொடுத்ததில்லை.
எழுபத்து மூன்று விண்ணப்பம்.
மண்டபத்தில் மூன்று வாரம் தொட்டி கழுவியதை
‘குஞ்சுப் பொரிப்பக மேலாண்மை’ என்று எழுதச் சொன்னவள் உமையாள்.
ஈரைப் பேனாக்கு, பேனைப் பெருமாளாக்கு,
சி.வி. என்றால் வேறென்ன என்றாள்.

அவள் இப்போது அபர்டீனில்.
காற்றாலை நடப்போகும் கடலில்
எத்தனை திமிங்கலம் குறுக்கே வரும் என்று அறிக்கை எழுதுகிறாள்.
திமிங்கலம் அவளுக்கும் எக்செல்லில்தான்.
ஜோவிட்டன் சிப்பிப் பண்ணைக்குப் போய்
முதுகு பிடித்துத் திரும்பிவிட்டான்.
மிதவை நுண்ணுயிர்களில் தங்கப் பதக்கம் வாங்கிய நஸ்ரின்
கிளாஸ்கோ ரயில் நிலையத்தில் காபிக்கு நுரை அடிக்கிறாள்.
நுரையின் மேல் டயாட்டம் வரைகிறாளாம்.
எல்லோரும் அதைப் பூ என்று நினைத்துக் குடிக்கிறார்களாம்.

எனக்குக் கிடைத்தது சால்மன் பண்ணை.
‘மீன் ஆரோக்கிய அலுவலர்’ என்றேன் போனில்.
அப்படின்னா, என்றார் அப்பா.
பேன் பார்க்கிறேன்.
யாருக்கு?

செவ்வாய்க்கிழமை படகு.
மழை பக்கவாட்டில் பெய்யும் ஊர் இது, குடை வீண்.
கூண்டுக்கு ஐந்து மீன்,
மயக்க மருந்துத் தொட்டியில் மெல்லச் சாயும்.
ஒவ்வொன்றாக எடுத்து
வாலில் தொடங்கி முதுகு வழியே தலைக்குப் போவேன்,
பிறகு வயிறு.
குஞ்சு, ஆண், பெண்.
முட்டைக்காரி பின்னால் இரண்டு சரம் தொங்கவிட்டிருப்பாள்,
ரிப்பன் கட்டாத இரட்டைச் சடை.
பேனுக்கே சடை இருப்பதை
முதல் நாள் கண்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
படகோட்டி ரோரி எதற்கென்று கேட்டான்.
ஆங்கிலத்தில் அது சிரிப்பாக இல்லை.

விசாவுக்கு என் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும்.
மீனுக்குப் பேன் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது.
இரண்டு எண்களும் அரசாங்கத்துக்குப் போகின்றன.
நடுவில் நான், பென்சிலோடு,
நனைந்தாலும் எழுதலாம் என்று விற்கப்பட்ட தாளோடு.

போன வாரம் நான்காம் கூண்டு.
கடைசி மீனை எடுத்தபோது
ஒருத்தி கழன்று தொட்டித் தண்ணீரில் விழுந்தாள்.
சடை இரண்டும் விரிய
நீந்திக்கொண்டிருந்தாள்.
பண்ணை மேலாளர் மர்டோ குனிந்து பார்த்தார்.
மீனில் இல்லாததை எண்ண வேண்டுமா என்றார்,
மிகவும் மரியாதையாக,
தேநீர் வேண்டுமா என்று கேட்கும் குரலில்.
அந்த ஒன்றோடு வரம்பு உடையும்.
மருந்துப் படகு வரும், மீன் நான்கு நாள் பட்டினி,
கிறிஸ்துமஸ் போனஸ் போகும்.
ரோரிக்கு நவம்பரில் குழந்தை.

எண்ண வேண்டும், என்றேன்.
அவர் தலையாட்டினார்.
கரைவரை யாரும் பேசவில்லை.
ஒரு பேன் அன்று பெருமாளாகத்தான் ஆனது,
என் கையெழுத்தில்.

இன்று கல்லூரியிலிருந்து மின்னஞ்சல்.
அடுத்த வருடத் துண்டறிக்கைக்கு
‘வேலையில் நம் மாணவர்கள்’ என்று ஒரு பக்கம்.
நான்கு வரியும் ஒரு படமும் வேண்டுமாம்.
நுண்ணோக்கியில் எடுத்ததை அனுப்பினேன்:
முட்டைச் சரம், ஒவ்வொரு முட்டையும்
அடுக்கி வைத்த காசு மாதிரி,
எவ்வளவு சுத்தமான வரிசை.

பதில் உடனே வந்தது.
அருமை, நன்றி,
நீங்கள் இருக்கும் படம் ஏதாவது உண்டா,
முடிந்தால் வெயிலில்?