இறங்கு வரிசை

ஒரே பக்கத்தில் வேண்டுமாம்.
மூன்று பெயர், ஒரு காலியிடம்,
சராசரி இறங்கு வரிசையில்.
சொல்லிவிட்டு டெங்லே சார்
வடாபாவ் பொட்டலத்தைப் பிரித்தார்.

சர்ச்கேட்டில் ஏறி ஜன்னலோரம் கிடைத்ததும்
மடியில் விரித்தேன் மழைக்கால லீக்கின் நோட்டை.
ஓரமெல்லாம் ஊறிப் பொரிந்த தாள்.
பவுண்டரிக்குப் பச்சை மை, விக்கெட்டுக்குச் சிவப்பு,
மற்றதெல்லாம் புள்ளி.

முதலிடம் சுடலைமுத்து.
பதினோரு இன்னிங்ஸ், எட்டில் ஆட்டமிழக்கவில்லை.
நூற்று அறுபத்திரண்டை மூன்றால் வகுத்தால்
ஐம்பத்து நான்கு.
கணக்கில் பிழையில்லை.
ஏழாவதாக வருவான், இரண்டு ஓவர் மிச்சமிருக்கும்,
நாலு சுழற்று சுழற்றுவான், ஆட்டம் முடிந்துவிடும்.
உலகத்தில் யாராலும் அவுட்டாக்க முடியாதவன்போல்
கிட்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஓடுகிற ரயிலில் தொற்றுவான்.

அடுத்து டெஸ்மண்ட். நாற்பத்து இரண்டு.
பிட்ச் காய்ந்தபின் நாலாவதாக வருகிறவன்.
கவர் டிரைவ் அடித்துவிட்டு
பந்து போன திசையைப் பார்க்காதவன்.
அழகுக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

கடைசியில் துஃபைல். முப்பத்தொன்பது.
பத்தொன்பது இன்னிங்ஸ், பதினெட்டு அவுட்.
தார்ப்பாய் உருவிய ஈரத்தில்
முதல் பந்து எப்போதும் அவனுக்கு.
ஒன்று காதுக்கு எகிறும்,
அதே இடத்தில் விழுந்தது கணுக்காலைத் தேடும்.
புள்ளி. புள்ளி. புள்ளி.
ஆறு புள்ளியைக் கோடிழுத்துச் சேர்த்தால் மெய்டன்,
பந்து வீசியவன் கணக்கில் வரவு.
எதிரே நின்றவனுக்கு அதை
எந்தக் கணக்கில் எழுத?

புள்ளிவிவரம் என்று யார் பெயர் வைத்தார்களோ,
புள்ளியைத் தவிர எல்லா விவரமும் கேட்கிறார்கள்.
தலையில் புள்ளி ஏறினால் எழுத்து மெய்யாகும் என்று
முனிசிபல் பள்ளித் தமிழ் வகுப்பில் படித்தது
அப்புறம் எதற்கும் உதவியதில்லை, இந்த ரயிலில் தவிர.

தாதரில் கூட்டம் ஏறியது. எழுந்து நின்று
கம்பியில் முழங்கையைக் கொடுத்து எண்ணினேன்:
துஃபைல் வாங்கிய புள்ளிகள் அறுநூற்றுச் சொச்சம்.
அவன் தடுத்துத் தடுத்துப் பழசாக்கிய பந்தில்தான்
டெஸ்மண்டின் நாற்பத்து இரண்டு,
சுடலையின் ஐம்பத்து நான்கும்.
தாளின் அடியில் பொடி எழுத்தில் இதை எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அடித்ததற்கு மேல் மறுபடி எழுதினேன்.

இரவு சுடலைமுத்து போன்.
"அக்கா, நாந்தான் மொதலாமே?
வேணாம்க்கா, மொத ஓவர்ல எறக்கி விட்டுருவாங்க.
மலாட் மேட்ச்ல ஒரு ரன் அவுட்,
அம்பயர் பாக்கல, நீ பாத்த.
அதச் சேத்துப் போட்டுரேன்."

தன்னை அவுட்டென்று எழுதச் சொல்லிக் கெஞ்சியவன்
என் பன்னிரண்டு வருஷத்தில் இவன் ஒருவன்தான்.
மனசுக்குள் நான்கால் வகுத்துப் பார்த்தேன்.
நாற்பதரை.
அப்போதும் துஃபைலுக்கு மேலேதான் நிற்கிறான்.

செவ்வாயன்று குழு கூடியது.
டெங்லே சார் தாளை மடித்தபோது
மடிப்பு என் அடிக்குறிப்பின் மேலேயே விழுந்தது.
டெஸ்மண்டை எடுத்தார்கள்.
அவனும் நன்றாகத்தான் ஆடுவான்.

ஞாயிறு, கிராஸ் மைதானம், தூறல்.
தார்ப்பாயை உருவுகிறார்கள்.
துஃபைல் லெக் ஸ்டம்ப் கார்டு கேட்கிறான்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறேன்.