எத்தனை பேர்

காந்தி ரோட்டில் வாஜித் பாயின் லாட்ஜுக்கு
முப்பத்தாறு அறைகள், ஒரு லிஃப்ட்,
வங்காளத்தில் எழுதிய ஒரு போர்டு,
போன வருஷத்திலிருந்து ஒரு இணையதளம்.
அதைப் பார்த்துக்கொள்வது நான்.
சத்துவாச்சாரியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஆபீஸ்.
மேசை எப்போதும் லேசாக நடுங்கும்.

பாய்க்கு ஒரே கேள்விதான்:
‘ஆயிரம் பேர் எட்டிப் பாக்கறாங்க,
நாப்பது பேர்தான் ரூம் போடறாங்க.
மிச்சம் பேரெல்லாம் எங்கம்மா பூடறாங்க?’

கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது.
வந்தவர் எந்தப் பக்கத்தில் நுழைந்தார்,
எங்கே நின்றார், எதைத் தொட்டார்,
எந்த வாசல் வழியாய்த் திரும்பிப் போனார்,
எல்லாம் பதிவாகும்.
விரல் தங்கிய இடம் சிவப்பு.
வேகமாய்க் கடந்த இடம் நீலம்.

பாய் ஆசையாய்ப் போடச் சொன்ன
கோட்டை அகழிப் படம்
முழுக்க நீலம்.
சிவப்பெல்லாம் பக்கத்தின் அடியில்,
நான் சின்ன எழுத்தில் ஒதுக்கிய இரண்டு வரிகளில்:
அறையில் சமைக்கலாம், அடுப்பு வாடகைக்கு.
ஆஸ்பத்திரி வாசலுக்கு நானூறு அடி.

அந்த நானூறு அடியை ஒருவர்
இருபது தடவை தொட்டிருக்கிறார்.
தொட்டால் எதுவும் திறக்காது, வெறும் எழுத்து அது.
இப்படித் தொடுவதற்குக் கருவி வைத்த பெயர்
கோபச் சொடுக்கு.
எனக்கென்னவோ
அவர் நடந்து பார்த்திருக்கிறார்.

7741.
ஊர் அகர்தலா. நேரம் இரவு இரண்டேகால்.
திரையின் மூலை உடைந்ததா இல்லையா தெரியாது,
ஃபோன் பழைய மாடல்.
பெயர் தெரியாது, அது விதி.
பேர் மட்டும் தெரியும்: மூன்று.
இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, பத்து நாள்.
விலையைப் பார்த்தார். போனார்.

நான்கு நாள் கழித்து
மூன்று பேர், ஒரு மாதம்.
தேடும் கட்டத்தில் அவர் மொழியில் ஏதோ தட்டினார்.
‘முடிவுகள் இல்லை’ என்றது நம் தளம்.
மொழிபெயர்த்துப் பார்த்தேன்:
சக்கர நாற்காலி.

ஆறாவது முறை வந்தபோது
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் அசைந்தது.
மூன்று.
இரண்டு.
மூன்று.
இரண்டு.
பதினோரு நிமிடம் எதையும் தொடவில்லை.
பிறகு வெளியேறினார்.

குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவர யோசித்திருக்கலாம்.
ரயில் டிக்கெட் இரண்டுதான் கிடைத்திருக்கலாம்.
இருக்கலாம்.
ஜெபராணி அறிக்கையில் எழுதினாள்:
‘படிவத்தில் அறுபத்தொரு சதவீதம் உதிர்கிறார்கள்.
காரணம், படிவம் நீளம்.’

எந்தக் கேள்வியை எடுப்பது என்று பேச்சு வந்தது.
எத்தனை பேர் என்பதை எடுத்துவிடலாம் என்றேன்.
‘எத்தனை பாய் போடறதுன்னு எப்பிடித் தெரியும்?’ என்றார் பாய்.
வந்தப்புறம் எண்ணிக்கலாம் பாய்.

அடுத்த மாதம் நாற்பது ஐம்பத்து மூன்றானது.
ஜெபராணி அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தாள்.
பாய் பிரியாணி அனுப்பினார்.
7741 வரவில்லை.
வேறு ஃபோனில் வந்திருந்தால்
வேறு எண்ணாக வந்திருப்பார்,
எனக்கு அவர் புதியவர்.

நேற்று பில் வாங்க லாட்ஜுக்குப் போனேன்.
மீன்காரியிடம் ஒருத்தர் வங்காளத்தில் பேரம் பேச
அவள் அதிலேயே திட்டிக்கொண்டிருந்தாள்.
எக்ஸ்ரே உறையைத் தலைக்குக் குடையாய்ப் பிடித்து
ஒரு பெண் வெயிலைக் கடந்தாள்.
எவர் எங்கிருந்து வந்து எங்கே திரும்பினார் என்று
இங்கே எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

லாட்ஜ் வாசலில் நின்றேன்.
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
ஜூஸ் கடை, மருந்துக் கடை, இன்னொரு மருந்துக் கடை,
டிவைடரில் இடைவெளி இல்லாததால்
ஒரு நீளச் சுற்று,
ஆட்டோக்களுக்கு நடுவே காத்து நின்றது தனி.

நானூறு இல்லை.
நல்ல காலுக்கே எழுநூற்றுப் பத்து.

ராத்திரி திருத்தினேன்.
எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
பாயிடம் இன்னும் சொல்லவில்லை.